ஆளுக்கொரு பெயர்

புதுப்பட்டினத்து மாடி ஆபீசில் ஜாக்குலினுக்குக் காலையிலேயே கோபம் தலைக்கேறியிருந்தது. டேட்டாபேசை பேக்கப் எடுக்கும் கமாண்டு ஹேமந்த் எழுதியது. எந்த டேட்டாபேஸ் என்று சொல்ல அதற்கு --db என்று அடிக்க வேண்டும். பேக்கப்பைத் திரும்ப ஏற்றும் கமாண்டு கலைவாணனுடையது, அதற்கோ --dbname. நாளெல்லாம் இரண்டையும் ஓட்டி அல்லாடுபவள் அவள்தான்.

“என்னுதுதான் சின்னது,” என்றான் ஹேமந்த்.

“என்னுதுதான் பாத்ததும் புரியும்,” என்றான் கலைவாணன்.

“சண்டை வேணாம். இன்னிக்கு அவன் எழுதுனத நீ ஓட்டு, நீ எழுதுனத அவன் ஓட்டட்டும்,” என்றாள் ஜாக்குலின்.

பழக்கதோஷத்தில் தப்புத் தப்பாக அடித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே இருவரும் அவள் மேஜைக்கு வந்து நின்றார்கள்.

“பேஜாரா கீதுக்கா. எதுனா ஒண்ணே வெச்சிடு,” என்றான் ஹேமந்த்.

இரண்டிலும் --database என்று மாற்றினார்கள். அடுத்த வாரம் கலைவாணன் புதிதாக இன்னொரு கமாண்டு எழுதினான். யாரையும் கேட்காமல், உதவிப் பக்கத்தைக்கூடத் திறக்காமல், ஜாக்குலின் --database என்றே அடித்தாள். முதல் தடவையே ஓடியது. நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றிச் சிரித்தாள்.

“இன்னாக்கா ஆச்சு?” என்று பதறி ஓடிவந்தான் கலைவாணன்.

“ஒண்ணும் ஆவலடா,” என்றாள். “அதுக்குத்தான் சிரிக்கிறேன்.”