விலகினார்

கவுன்சிலர் தானாகக் கட்சியை விட்டு விலகினால் பதவி போகும். கட்சி அவரை விலக்கினால் பதவி நிற்கும். பிறகு எங்கு வேண்டுமானாலும் சேரலாம். சட்டம் அவ்வளவுதான்.

தங்கை அதை இரண்டு முறை படித்துக் காட்டினாள். அண்ணன் தையல் மெஷினை மிதிப்பதை நிறுத்தவில்லை. கட்சியின் வார்டு செயலாளர் அவர். வீடு வீடாக ஓட்டுக் கேட்டு அவளைக் கவுன்சிலராக்கியவர்.

"என்னைக் கட்சிய விட்டு விலக்கிடுண்ணே."

"என்ன தப்புக்கு?"

"எதையாவது எழுது. மேடையில கொட்டாவி விட்டதுக்கே ஒருத்தரத் தூக்கினியே. எனக்கு மட்டும் நாள் பாக்குறியா?"

அண்ணன் சிரித்துவிட்டார். "அவன் என் கூடப் பொறந்தவனா?"

அவள் வார்டில் குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்து வந்தது. வேறு கட்சிக்காரரான மன்றத் தலைவருக்கு ஒரு ஓட்டுக் குறைந்தது. அவர் கட்சிக்கு அவள் வந்தால் புதுக் குழாய் என்றார். திங்கட்கிழமை அவர் மீது நம்பிக்கை வாக்கெடுப்பு.

"அந்தத் தண்ணிய ஒரு வாய் குடிப்பியா நீ?"

அண்ணன் கட்சித் தாளை எடுத்தார். நான்கு வரி எழுத வெகுநேரம் ஆனது. முத்திரை குத்தி, உறையை ஒட்டினார்.

"பிரிச்சுப் படிக்காத. எனக்காக."

அவள் படிக்கவில்லை.

திங்கட்கிழமை மன்ற அதிகாரி உறையைக் கிழித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"‘விலக்கப்பட்டார்’னு இருந்தா நாற்காலிம்மா. ‘விலகினார்’னா வாசல்."

"நானா விலகல சார்."

"செயலாளர் எழுதியிருக்காரே."

"தப்பா எழுதிட்டாரு. நாளைக்கே மாத்தி வாங்கிட்டு வரேன்."

"பதிஞ்சாச்சு. இனி நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அவளுடைய இருக்கையை விட்டுவிட்டு வாக்கெடுத்தார்கள். வேறு ஒரு கவுன்சிலர் கை தூக்கினார். குழாய் அவர் வார்டுக்குப் போயிற்று.

மாலையில் கடைக்கு வந்தாள். அண்ணன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நூல் ஏறவில்லை.

"தெரிஞ்சேதான் எழுதினியா?"

"விலக்கப்பட்டார்னுதான் ஆரம்பிச்சேன். உன் பேருக்குப் பக்கத்துல அது வரல. கை நின்னுடுச்சு."

"சட்டத்த ரெண்டு தடவ படிச்சேனே."

"அப்ப நெனப்புல சட்டம் இல்லம்மா. நீதான் இருந்த."



"தெருவுல என்ன சொல்லுவேன்?"

"நான் வந்து சொல்றேன்."

"நீ வராத."

படியிறங்கினாள். "போறேண்ணே" என்றாள். எப்போதும் ‘வரேன்’ என்றுதான் சொல்வாள்.

அண்ணன் திருத்தவில்லை.