பக்கத்துக் கட்டம்

இறைச்சித் தொழிற்சாலையில் பேசும் டேனிஷ் அந்தோனிதாசனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. வைத்தியரின் அறையில் பேசும் டேனிஷ்தான் பிடிபடாது. அதனால் கொலஸ்திரோல் பரிசோதனையின் முடிவைக் கேட்க மகள் மரினாவையும் கூட்டிக்கொண்டு போனார். டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் அன்று நல்ல காற்று. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கொலஸ்திரோல் கொஞ்சம் கூடத்தான் என்றார் அந்தப் பெண் வைத்தியர். ஆனால் அதை மட்டும் பார்த்து மருந்து கொடுப்பதில்லையாம். வயது, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் சேர்த்து, அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வரக்கூடிய வாய்ப்பைப் பார்த்துத்தான் முடிவெடுப்பாராம். மரினா தமிழில் சொன்னாள்.

"கொம்மாவின்ரை தேங்காய்ப்பால் சொதி செய்த வேலை," என்றார் அந்தோனிதாசன்.

"அம்மா இல்லாத இடத்திலை நல்லாக் கதையுங்கோ."

வைத்தியர் அடுத்த கேள்விக்கு வந்தார். புகைப்பவரா?

தொழிற்சாலையில் ஒவ்வொரு இடைவேளையிலும் காதில் விழும் சொல் அது. அப்பாவுக்கு விளங்கிவிட்டது என்று அவர் தொப்பியைத் திருப்பிய விதத்திலேயே மரினாவுக்குத் தெரிந்தது. ஆனாலும் மகள் தமிழில் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

மரினாவின் முகம் சூடாகியது. தகப்பனிடம் பிள்ளை கேட்கிற கேள்வியா இது? அப்பா சிகரெட் பற்றுவதை வீட்டில் யாரும் கண்டதில்லை. அதாவது, காணாமல் இருக்க எல்லோரும் பழகியிருந்தார்கள். பின்கதவைத் திறக்குமுன் மரினா சாவிக்கொத்தைக் குலுக்குவாள். சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் நிற்பவருக்கு அணைக்க நேரம் வேண்டுமே. சாப்பிட வரும்போது அவர் ஏலக்காய் மென்றுகொண்டு வருவார்.

"நீங்கள் சிகரெட் பத்துறனீங்களோ எண்டு கேக்கிறா," என்றாள் சுவரைப் பார்த்தபடி.

"சீச்சீ. இல்லை எண்டு சொல்லு."

சொன்னாள்.

வைத்தியர் கணினித் திரையைத் திருப்பி ஓர் அட்டவணையைக் காட்டினார். புகைக்காதவர்களின் பக்கத்தில் அவருக்கு ஒரு பச்சைக் கட்டம். மருந்து இப்போதைக்கு வேண்டாம், சாப்பாட்டைக் கவனித்து நன்றாக நடந்தால் போதும், சில வருடம் கழித்துப் பார்க்கலாம் என்றார். அந்தோனிதாசன் எழும்பத் தயாரானார்.

மரினா எழும்பவில்லை. உயிர்வேதியியல் படித்தவளுக்கு அந்த அட்டவணை புதிதல்ல. அதே வயது, அதே இரத்த அழுத்தம், அதே கொலஸ்திரோல். புகைப்பவர்களின் பக்கத்தில் அந்தக் கட்டம் செம்மஞ்சள். அங்கே இருப்பவரிடம் வைத்தியர் மருந்தைப் பற்றிப் பேசுவார். அப்பா இருக்கவேண்டிய இடம் அது. இந்த ஒரு பொய்யால் அவர் நோய் வரும்வரை மருந்தில்லாமல் இருந்துவிடுவார். அவளே உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால், அதை டேனிஷில் கேட்டு விளங்கிக்கொள்ளும் அப்பா இனி அவளுக்கு முன்னால் எப்படி நிமிர்ந்து உட்காருவார்?

"நான் வெளியே நிற்கிறேன்," என்றாள் வைத்தியரிடம் டேனிஷில், மெல்லிய குரலில். "கடைசிக் கேள்வியை அவரிடம் இன்னொரு தடவை கேளுங்கள். அவருக்கு விளங்கும்."

வைத்தியர் அவளையும் அவரையும் பார்த்தார். தலையசைத்தார்.

"எங்கை போறாய்? ஆர் எனக்கு மொழிபெயர்க்கிறது?"

"இதுக்கு நான் தேவையில்லை அப்பா."

கதவைச் சாத்திவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தாள். உள்ளே வைத்தியர் மறுபடியும் கேட்டார். பிறகு அப்பாவின் தொழிற்சாலை டேனிஷ் தட்டுத்தடுமாறிக் கேட்டது. அவள் எழும்பி, பேச்சுக் கேட்காத தூரத்தில் ஜன்னலோரம் போய் நின்றாள்.

வெளியே வந்த அந்தோனிதாசன் தொப்பியைத் தலையில் அழுத்தினார்.

"குளிசை எழுதித் தந்திருக்கிறா. ஒவ்வொரு நாளும் போடவேணுமாம்."

"நல்லது."

"வேறை ஒரு விசயமும் சொன்னவ. அது எனக்கும் அவவுக்கும்."

"ஓம் அப்பா."

மருந்துக்கடைப் பக்கம் திரும்பி நடந்தார்கள். தெருவைக் கடக்கும்போது அவர் சொன்னார்: "திருப்பி இரத்தம் சோதிக்கக் குடுக்க வேணுமாம். அதுக்கு நீ லீவு போடாதை. நான் தனிய வாறன்."