உங்களோடு

2019 பிப்ரவரி 13, புதன்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, ஆர்மீனியாவின் கியூம்ரி நகரில், ஒரு தேவாலய முற்றத்தில் த்ரந்தெஸ் பண்டிகைக்காகப் பீடத்து மெழுகுவர்த்தியிலிருந்து தீ மூட்டப்பட்டது. புதுமண ஜோடிகள் பன்னிரண்டு கைகோத்து அதைத் தாண்டுவதாகப் பட்டியல். முற்றத்தில் மாப்பிள்ளைகள் பதினோரு பேர்தான் நின்றார்கள்.

வராதவன் ஆர்பினேயின் கணவன் நோராய்ர். அக்டோபரில் கல்யாணம், நவம்பரில் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். ஆர்பினே மாமியாரோடு நின்றாள். மாமியார் சிரானுஷின் கையில் மகனுடைய சாம்பல் நிறக் கோட்டு இருந்தது.

“இதத் தோள்ல போட்டுக்க. கையப் புடிச்சுக்கிட்டுத் தாண்டு. அவன் தாண்டுன மாதிரிதான்.”

பக்கத்து வீட்டு வார்துஷ் சிரித்தாள். “கோட்டு நல்ல மாப்பிள்ளைடி. குடிக்காது, எதுத்துப் பேசாது. எனக்கும் ஒண்ணு பாத்துக் குடு சிரானுஷ்.”

“உனக்குப் பொத்தான் போட்டு வச்சாலும் ஓடிப்போயிரும்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆர்பினே சிரிக்கவில்லை. காலையில் அம்மா போனில் சொன்னது காதிலேயே நின்றது. அம்மாவும் அவளும் தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல. ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஜெப வீட்டைச் சேர்ந்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகும் ஞாயிறுதோறும் அங்கேதான் போய்வந்தாள். புகுந்த வீட்டில் பேச ஆளில்லாத அவளுக்கு வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் தெரிந்த முகங்கள்.

“அது நெருப்புச் சாமிய கும்பிட்டவங்க பண்டிகை. தாண்டுனீன்னா ஞாயித்துக்கிழமை திருவிருந்து அப்பத்துக்குக் கை நீட்டாத” என்றாள் அம்மா.

“த்ரந்தெஸ்னாலே ‘கர்த்தர் உங்களோடு’ன்னுதான் அர்த்தமாம்மா. மாமி சொல்றாங்க.”

“அது பின்னால ஒட்டுன பேரு. நெருப்பு முன்னாலயே இருந்துச்சு.”

அம்மா சொல்வது சரி என்றுதான் ஆர்பினேக்கும் தோன்றியது. ஆனால் புதுப்பெண்ணுக்கு இந்த நாள் ஒரே ஒரு முறைதான் வரும். நான்கு மாதமாக அவளை யாரும் நோராய்ரோடு சேர்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இன்று பாதிரியார் எல்லார் முன்னாலும் கூப்பிடுவார். மதியம் நோராய்ரிடமே கேட்டாள்.

“நான் தாண்டணும்னு நீ நெனைக்கிறியா?”

கலவை இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது. “எங்கம்மா மனசு நோகாம பாத்துக்க. எனக்கு இதுல ஒண்ணுமில்ல.”

பதினோரு ஜோடிகளும் தாண்டி முடித்தார்கள். மாப்பிள்ளைகளில் ஒருவன் கால்சட்டை விளிம்பைப் பொசுக்கிக்கொண்டான். அவன் மாமியார் தண்ணீர்ப் புட்டியோடு துரத்தினாள். அப்புறம் பாதிரியார் கடைசிப் பெயர்களை வாசித்தார்.

“நோராய்ர், ஆர்பினே.”

அவள் முன்னால் வந்தாள். கோட்டின் ஒரு கை அவள் தோளிலிருந்து தொங்கியது.

“மாப்பிள்ளை எங்கேம்மா?”

“ரஷ்யாவுல, ஃபாதர்.”

“போன வருஷம் ஒரு தொப்பி வந்துச்சு. இந்த வருஷம் கோட்டா?” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. பிறகு கையை உயர்த்தி, “கர்த்தர் உங்களோடு” என்றார்.

ஆர்மீனிய மொழியில் ‘உங்களோடு’ என்பதற்கு இரண்டு பேருக்கும் அதே சொல்தான், ஒருவரை மரியாதையாகச் சொல்வதற்கும் அதே சொல்தான். கோட்டையும் சேர்த்துச் சொன்னாரா, தன்னை மட்டும் சொன்னாரா என்று அவளுக்குப் புரியவில்லை. பாதிரியாரின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கோட்டை அல்ல.

ஆர்பினே கோட்டைக் கழற்றி மாமியாரிடம் நீட்டினாள்.

“என்னடி பண்ற? போடு அத.”

“வேண்டாம் மாமி.”

பாவாடையை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தாண்டினாள். தீ அதற்குள் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. அந்தப் பக்கம் அவளைப் பிடிக்க யாரும் நிற்கவில்லை. கைதட்டல் தொடங்கிப் பாதியில் நின்றது.

வீட்டுக்குப் போகும் வழியில் சிரானுஷ் இரண்டு அடி முன்னால் நடந்தாள். “புருஷன் செத்தவ மாதிரித் தனியாத் தாண்டிட்டியே. அவன் உசுரோடதான இருக்கான்?”

“இருக்காரு மாமி.”

“அப்புறம் என்ன?”



வியாழக்கிழமை நோராய்ர் தன் அம்மாவுக்குப் போன் செய்தான். நெடுநேரம் பேசினார்கள். ஆர்பினே சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். போனை அவளிடம் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெப வீட்டில் மூப்பர் அவளைத் தனியாக அழைத்துக் கேட்டார். தாண்டினேன் என்றாள். யாரோடு என்று கேட்டார். யாரோடும் இல்லை என்றாள். ஈஸ்டர் முடியும்வரை அவளுக்குத் திருவிருந்து அப்பம் கொடுப்பதில்லை என்று சபையார் தீர்மானித்தார்கள். அம்மா மறுப்புச் சொல்லவில்லை.