இரவல் சூடு

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கௌரவமான வேறு காரணம் அகப்படுமா என்று மூன்று நாள் தேடினேன், இல்லை. பக்கத்து வீட்டு நோலீனின் சுவரில் வீட்டு வாரியம் வெள்ளையாக ஒரு ஹீட்டர் மாட்டிவிட்டது. என் சுவரில் ஈரம்தான் பூத்திருக்கிறது.

முதல் தொடக்கம்: 'உலகின் தெற்குக் கோடியில், ப்ளஃப் துறைமுகத்துக்கு மேலே, கிழடுகளுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும் கட்டிய ஆறு வீடுகளில், நோலீன் என்றொரு சூழ்ச்சிக்காரி…'

(அடித்துவிட்டேன். சூழ்ச்சி செய்ய அவளுக்கு மூளை போதாது. இதையும் அடிக்க வேண்டும்.)

2

வாரியத்தின் விதி இது: எங்களைப் போன்றவர்கள் இருக்கும் வீட்டில் முன்னறை பதினெட்டு டிகிரிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் சுவர் ஹீட்டர் மாட்டித் தருவார்கள். எங்கள் ஊரில் குளிர்காலம் தொடங்கும் ஜூன் மாதம், டாரில் என்கிற ஆய்வாளர் கருவியோடு வந்தார். நோலீன் வீட்டில் ஒன்பது. என் வீட்டில் பத்தொன்பது.

என்னோடு இருப்பது தம்பி அலெக். ஆடு அறுக்கும் தொட்டியில் வேலை பார்த்து முதுகு முறிந்து, இருபது வருஷமாகச் சக்கர நாற்காலி. நானும் அங்கேதான் முப்பத்தோரு வருஷம் குடல் உருவினேன். இப்போது குளிர் அவன் நெஞ்சில் இறங்கிவிட்டது. போன வருஷம் இரண்டு முறை ஆஸ்பத்திரி. மூன்றாவது முறை திரும்பமாட்டான் என்று டாக்டர் சொல்லவில்லை. சீட்டு எழுதும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது தொடக்கம்: 'அன்று காலை நோலீன் வேண்டுமென்றே ஜன்னல்களையெல்லாம் திறந்துபோட்டு…'

(பொய். சாத்தித்தான் இருந்தது.)

3

தினமும் மூன்று மணிக்கு அலெக் அவள் வீட்டுக்குப் போகிறான். கன்னம் சிவந்து திரும்புகிறான்.

"அப்படி என்னடா பேசுறீங்க?"

"எங்க பேச? தூங்கிட்டேன்."

"இங்க தூக்கம் வராதோ?"

"இங்க நடுங்கவே நேரம் பத்தல, அக்கா."

இருபது வருஷமாக அவனைத் தூக்கி உட்காரவைப்பவள் நான். அவளுக்கு ஒரு பொத்தானை அமுக்கினால் போதும்.

4

சரி, எழுதியே தீர வேண்டும். நோலீன் வீடு ஒன்பதில் கிடந்ததற்குக் காரணம், அவளிடமிருந்த ஒரே சின்ன ஹீட்டர் அன்று என் வீட்டில் எரிந்துகொண்டிருந்தது.

ஆள் வருகிறார் என்றால் முன்னறையைச் சூடாக்கி வைப்போம். குளிர்ந்த வீட்டில் உட்காரவைத்தால் தெரு பேசும். அதனால் இரவல் வாங்கினேன். என்னுடையது ஒன்று, அவளுடையது ஒன்று. போதாதென்று ரொட்டித் துண்டில் சீஸை வைத்துச் சுருட்டிச் சீஸ் ரோல் சுட்டு, அடுப்புக் கதவையும் திறந்துவைத்தேன். டாரில் மூன்று தின்றார். "நல்லா கதகதன்னு இருக்கும்மா" என்று பத்தொன்பதை எழுதிக்கொண்டு போனார்.

ஆக, அந்தச் சுவர் ஹீட்டரை அவளுக்கு வாங்கிக் கொடுத்தது நான்.

5

மறு ஆய்வு இன்று பத்து மணிக்கு. இதை விட்டால் அடுத்த வருஷம்தான் என்கிறது கடிதம். நேற்று நோலீன் வேலியருகே வந்தாள்.

"நாளைக்கும் அடுப்பத் தொறந்து வச்சிராத, ரோனா."

"வர்ற மனுஷன நடுங்கவிடச் சொல்றியா?"

"பத்து நிமிஷம் நடுங்கட்டும், செத்தா போயிருவான்? அலெக்க காலைலயே எங்கிட்ட அனுப்பிரு."

"அவன் ஒனக்கு என்ன…" (நேற்றும் முடிக்கவில்லை, இங்கும் முடிக்கவில்லை.) "ஒன் ஹீட்டரு இன்னும் எங்கிட்டதான் இருக்கு."

"வச்சுக்க. இனி எனக்கெதுக்கு?"

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

6

ஒரு முடிவு: கருவி பதினொன்று காட்டுகிறது, ஹீட்டர் வருகிறது, மூன்று மணிக்கு அலெக் என் வீட்டிலேயே தூங்குகிறான். இன்னொரு முடிவு: டாரில் நான்கு சீஸ் ரோல் தின்கிறார், ஆகஸ்டில் அலெக்…

இல்லை, அதை எழுதமாட்டேன்.

இப்போது ஒன்பதரை. அலெக்கை நானே தள்ளிக்கொண்டு போய் அவளிடம் விட்டேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சுருட்டிய ரோல்கள் தட்டில் இருக்கின்றன. யாரும் சொல்லாமல் என் கை சுருட்டியது. இரண்டு ஹீட்டரும் ஒரே சுவிட்சில். இப்போது போட்டால் அரை மணி நேரத்தில் இந்த அறை சூடாகிவிடும்.

இதைப் படிக்கிற நீங்களும் வந்தவரை வெறும் வாயோடு அனுப்பத் தெரியாதவர்கள்தான். எழுந்து போய் அந்தச் சுவிட்சுக்கு முன்னால் நில்லுங்கள். நான் வருகிறேன். என்னைப் பிடித்துத் தள்ளுங்கள், அல்லது வழி விடுங்கள்.