கிதர் முகம்மது கவுன்சிலரின் கடைசி லெட்டர்பேடு தாள்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்: ஒட்டுக்கேட்டேன். நசீம் பானு வீட்டு ஜன்னலும் என் வீட்டு ஜன்னலும் எதிரெதிர். பாதி தானாகவே காதில் விழும். மீதியை நேரில் போய்க் கேட்டுக்கொள்வேன்.

தொடக்கம் ஒன்று: ஏழைக் குடும்பத்தில் பிறந்த மக்கள் தொண்டர் கிதர் முகம்மது...

(வேண்டாம். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி இருக்கிறது.)

தொடக்கம் இரண்டு: திண்டுக்கல் தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் அலசிய ஒருவர், 2006இல் சுயேச்சையாக நின்று சீப்புச் சின்னத்தில் கவுன்சிலர் ஆனார். தலையில் ஒரு முடி கிடையாது.

இது இருக்கட்டும்.

2

அவர் இறந்துபோய் இரண்டு வருஷம். மிச்சம் ஒரு தகரப் பெட்டி. உள்ளே பிரசாரத்தில் கொடுத்துத் தீராத சீப்புகள்*, ரப்பர் ஸ்டாம்ப், ஒரு பொன்னாடை, லெட்டர்பேடில் ஒரே ஒரு தாள். வெற்றுத் தாள். கீழே மட்டும் அவர் கையெழுத்து.

(விளக்காவிட்டால் திட்டுவீர்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சுண்ணாம்பு அரித்துக் கைரேகையும் அழிந்துபோனதால், ஜெயித்த பிறகு கையெழுத்து மட்டும் பழகினார். ஞாயிறுதோறும் ஐம்பது வெற்றுத் தாளில் போட்டு வைத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவார். ‘இன்னார் இங்கே குடியிருக்கிறார்’ என்று மேலே எழுதிக் கொடுத்ததெல்லாம் அவர் மனைவி நசீம் பானு. ஐந்து வருஷம் வார்டை நடத்தியது யார் என்று தெருவுக்கே தெரியும். தெரியாத மாதிரி இருந்தோம்.)

* குடும்பமே இன்னும் அதில்தான் தலை சீவுகிறது.

3

புதன்கிழமை வியாகுலம்மாள் வந்தாள். வாய்க்கால் ஓரத்துக் குடிசைக்காரி. வீட்டை இடிக்க நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

"2010க்கு முன்னாடியே இருந்ததுக்கு அத்தாட்சி கேக்குறாகக்கா. அண்ணன் 2008ல குடுத்த லெட்டரு வெள்ளத்துல போயிருச்சு."

"உங்க அண்ணனா குடுத்தாரு? நான்ல எழுதுனேன்."

"அப்பத் திரும்ப எழுதிருங்க. ஒரு தாளு இருக்காம்ல."

(யார் சொன்னது? நான்தான்.)

நசீம் பானு தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தார். முதல்நாள்தான் மகள் ஷப்னம் போனில் கத்தியிருந்தாள். "வெள்ளிக்கிழமை வந்து ஃப்ரேம் போட எடுத்துட்டுப் போறேம்மா. அத்தா கையெழுத்துனு நமக்கு இருக்குறது அது ஒண்ணுதான். யாருக்கும் தூக்கிக் குடுத்துராத."

நசீம் பானு தாளைக் கையில் எடுத்தபோது அவர் மனம்...

(மனசுக்குள் நான் போனதில்லை, வாசல்வரைதான். ஆனால் ஒன்று தெரிந்தது. கையெழுத்தைவிட மேலே இருந்த வெற்றிடத்தைத்தான் அவர் அதிகநேரம் பார்த்தார். அது அவர் எழுதுகிற இடம்.)

4

முடிவு அ: எழுதிக் கொடுக்கிறார், அதிகாரி நம்புகிறார். (மை காயாத 2008. அதிகாரி மடையனாக இருந்தால்தான் கதை நிற்கும்.)

முடிவு ஆ: மறுக்கிறார். மகள் வீட்டுச் சுவரில் வெற்றுத் தாள் தொங்குகிறது; வியாகுலம்மாளுக்குச் சுவரே இல்லை. (ரொம்ப அழகு. எழுதக் கூசுகிறது.)

முடிவு இ: இரண்டு பெண்களும் கட்டிக்கொண்டு... (சீ.)

5

நடந்தது இது. ஸ்க்ரூடிரைவர் இரவல் கேட்கிற சாக்கில் உள்ளே போனேன். மேசையில் தாள். நசீம் பானு கையில் பேனா.

"வாங்கண்ணே. எந்தத் தேதி போட? அன்னைக்கித் தேதியா, இன்னைக்கித் தேதியா?"

"எனக்கென்னம்மா தெரியும்?"

"ஊருல யாரு எப்ப ஓடிப்போனான்னு மணிக்கணக்கோட சொல்லுவீக. இதுக்கு மட்டும் வாயில பூட்டா?" குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான். "இவ குடியிருந்தது நெசம். நான் எழுதுனதும் நெசம். அன்னைக்கித் தேதி போட்டா அவரு பொய்யராயிருவாரு. இன்னைக்கித் தேதி போட்டா மவுத்தானவரு கையெழுத்து."

"ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்கண்ணே," என்றாள் வியாகுலம்மாள். "திங்கக்கிழமை இடிக்கிற வண்டி வருது."

கதைகளில் எத்தனையோ தேதி போட்டிருக்கிறேன், ஒன்றுக்கும் யோசித்ததில்லை. ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பதில் சொல்லாமல் நழுவியவன் முடிவு எழுதுவது நியாயமில்லை. நான் கிளம்பும்போது நசீம் பானு தாளின் மேல்மூலையில் ‘நாள்’ என்று எழுதி, பக்கத்தில் இரண்டு புள்ளியும் வைத்திருந்தார். அடுத்து அவர் என்ன போடட்டும், நீங்கள் சொல்லுங்கள். வியாகுலம்மாள் எழுந்து போகிற மாதிரி இல்லை.