மிலுன் போட்ட நாள்கணக்கு

எல்லையில், கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த ஹங்கேரிக்காரப் பெண் பாஸ்போர்ட்டை மூன்றாவது முறையாகப் புரட்டினாள். வெளியே ராதிங்கா தலையில் கட்டியிருந்த கறுப்புத் துணியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால், பஸ்ஸிலிருந்து இறங்கிய அத்தனை பேரும் மார்ச் மாதக் குளிரில் வரிசையாக நின்று முணுமுணுத்தார்கள்.

"போய் மூணு நாள்தான் ஆகுது. மறுபடியும் எதுக்கு?" உடைந்த செர்பிய மொழியில் கேட்டாள் அந்தப் பெண்.

"தம்பி செத்துட்டான்மா. வியன்னாவுல. நேத்து காலையில." ராதிங்கா கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு நாள் முடிஞ்சிருச்சுன்னு தெரியும். ஒரே ஒரு நாள் விடுங்க. அவனைக் கூட்டிக்கிட்டுத் திரும்பிடறேன்."

செர்பியாக்காரர்களுக்கு அந்தப் பக்கம், ஹங்கேரி ஆஸ்திரியா எங்கேயும், போக விசா வேண்டாம். ஆனால் எந்த நாளில் நின்று திரும்பிப் பார்த்தாலும், கடந்த நூற்றெண்பது நாளில் தொண்ணூறு நாளுக்கு மேல் உள்ளே இருந்திருக்கக் கூடாது. நுழைகிற நாளும் கணக்கு, வெளியேறுகிற நாளும் கணக்கு. மீறினால் வருஷக்கணக்கில் வாசல் அடைத்துவிடுவார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இது மண்டையில் ஏறாது. எல்லைக்கு இந்தப் பக்கம் வந்து ஒரு காப்பி குடித்துவிட்டுப் போனால் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும் என்று நம்பி மாட்டிக்கொண்ட புண்ணியவான்கள் தெருவுக்கு இரண்டு பேர். வியன்னாவில் சுவர் பூசுகிற அவள் தம்பி மிலுனுக்கு மட்டும் அது தண்ணீர் பட்ட பாடு. வேலை அனுமதி கிடைக்கும்வரை ஆறு வருஷம் இதே கணக்கில் போய்வந்தவன். ஊரிலிருந்து யார் போன் செய்து தேதி கேட்டாலும் சாரத்தில் நின்றபடியே பதில் சொல்வான். ஒரு நாள் பிசகியதில்லை.

அப்படிப்பட்டவன்தான் மார்ச் ஏழாம் தேதி படுக்கையில் கிடந்தபடி அவளை அனுப்பி வைத்தான்.

"அக்கா, அக்டோபர்ல என் ஆபரேஷனுக்கு வந்தப்ப முப்பத்தஞ்சு நாள். இப்ப அம்பத்தஞ்சு. இன்னியோட தொண்ணூறு. கிளம்பு."

"நான் போகல. பிடிச்சா பிடிக்கட்டும்."

"பிடிச்சா அப்புறம் உன்னை உள்ளயே விடமாட்டான்."

"அப்புறம் நான் எதுக்குடா வரணும்?"

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். பூச்சு சரியில்லை என்று அந்தச் சுவரை எப்போதும் திட்டுவான். அன்று திட்டவில்லை.

எங்கள் பக்கத்தில் உயிர் பிரியும்போது கையில் எரிகிற மெழுகுவர்த்தி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த உலகத்தில் இருட்டில் தடுமாறுவான் என்பார்கள். 'மெழுகுவர்த்தி இல்லாம சாவே' என்பதற்கு மேல் ஒரு சாபம் கிடையாது. ராதிங்கா கோயிலில் வாங்கிய தேன்மெழுகுவர்த்தியையும் தீப்பெட்டியையும் அவன் கட்டிலருகே முக்காலியில் வைத்தாள். அறையில் கூடத் தங்கியிருந்த போஜாவிடம் இரண்டு முறை சத்தியம் வாங்கினாள். பிறகுதான் பஸ் ஏறினாள்.

"உங்களுக்கு இன்னும் நாள் இருக்கு," என்றாள் கூண்டுப் பெண்.

"இல்லம்மா."

"அக்டோபர் மூணாம் தேதி வந்து நவம்பர் ஒண்ணாம் தேதி போயிருக்கீங்க. முப்பது. ஜனவரி பன்னெண்டுலேருந்து மார்ச் ஏழு வரைக்கும் அம்பத்தஞ்சு. மொத்தம் எண்பத்தஞ்சுதான்."

"முப்பத்தஞ்சும்மா. நல்லா எண்ணிப் பாருங்க. என் தம்பி தப்பா எண்ண மாட்டான்."

"ஐயோ, உள்ள போன்னு சொல்றா, இவ என்ன சண்டை போட்டுக்கிட்டு நிக்கிறா!" பின்னாலிருந்து ஒரு ஆள் கத்தினான்.

அந்தப் பெண் முத்திரைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினாள். பிறகு புதிய முத்திரையைக் குத்தினாள். "இன்னியோட சேர்த்து அஞ்சு நாள். பதினாலாம் தேதி வெளிய வந்துடணும். வருத்தமா இருக்கும்மா."

பஸ்ஸில் ராதிங்கா விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். எண்பத்தைந்துதான். எப்படி எண்ணினாலும் எண்பத்தைந்துதான்.

தம்பியின் அறைக்குள் நுழைந்ததும் அவள் கண் முக்காலிக்குத்தான் போனது. மெழுகுவர்த்தி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. திரி வெள்ளையாக இருந்தது.

போஜா வாசலிலேயே நின்றான். ஆறடி ஆள், சின்னப் பையன் மாதிரி தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"ரொட்டி வாங்கத்தான் போனேன் அக்கா. பத்து நிமிஷம். வந்து பார்த்தா..."

"தனியாவா போனான்?"

"தனியாத்தான்."

உடலைப் பிணவறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவள் காலிக் கட்டிலில் உட்கார்ந்தாள். சுவரில் நாட்காட்டி தொங்கியது. மார்ச் ஏழின் கட்டத்துக்குள் மிலுனின் தட்டைப் பென்சில் எழுத்தில் 85 என்று இருந்தது. ஓரத்தில், எந்தத் தேதியோடும் சேராமல் ஐந்து சின்னக் கட்டங்கள். காலியாக. பக்கத்தில் 'அக்கா' என்று எழுதியிருந்தான்.

அழுகைக்கு முன்னால் அவளுக்குக் கோபம் வந்தது.

"பொய் சொல்லி என்னை விரட்டியிருக்கான்! ரெண்டு நாள் இருந்திருந்தா நான் அவன் கையைப் பிடிச்சிருப்பேனே. உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தியா?"

"போன வருஷம் எங்க கூட வேலை செஞ்ச ராத்கோ செத்தப்ப, ஊருக்குக் கொண்டுபோகக் கையெழுத்துப் போட ரத்த சொந்தம் வேணும்னாங்க. அவனுக்கு இருந்தது ஒரே அண்ணன். அவரு முன்னாடியே நாள் மீறி மாட்டினவரு, உள்ள வர முடியல. பதினேழு நாள் ஐஸ் பெட்டியில கிடந்தான் அக்கா. கடைசியில இங்கயே ஒரு மூலையில புதைச்சாங்க. நானும் மிலுனும்தான் மண்ணு போட்டோம்." போஜா மூக்கைத் துடைத்துக்கொண்டான். "பேப்பர் வேலைக்கு நாலு நாள், வழிக்கு ஒரு நாள்னு அவன்தான் கணக்குப் போட்டான். 'அக்கா என்னை வீட்டுக்குக் கொண்டு போயிடுவா, அது போதும்'னான். மெழுகுவர்த்திக்கு என்னடா பண்ணுவேன்னு கேட்டேன். இருட்டு எனக்குப் பழக்கம்தான்னு சிரிச்சான்."

அவள் நாட்காட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். போஜா தேநீர் வைத்தான். அது ஆறிப்போனது.

அவன் கணக்கு அப்படியே பலித்தது. ஒரு அலுவலகத்தில் முத்திரை, இன்னொன்றில் மொழிபெயர்ப்பு, தூதரகத்தில் கையெழுத்து. தினமும் சாயங்காலம் திரும்பி வந்து அவனுடைய பென்சிலால் ஒரு கட்டத்தில் கோடு போட்டாள். சரியாக நாலு நாள். பதினாலாம் தேதி காலையில் ஸ்டோயான் என்ற டிரைவரின் சவவண்டியில், முன் இருக்கையில் அவள் உட்கார்ந்தாள். மெழுகுவர்த்தி மடியில் இருந்தது.

எல்லையில் இந்த முறை ஒரு ஆண் இருந்தான். முத்திரைகளை எண்ணினான், பின்னால் இருந்த பெட்டியைப் பார்த்தான், மறுபடியும் பாஸ்போர்ட்டைப் பார்த்தான்.

"தொண்ணூறு. சரியா இருக்கு."

"சரியாத்தான் இருக்கும்," என்றாள் ராதிங்கா.

செர்பியக் காவலர்களையும் தாண்டி, சாலையோரத்தில் அறுவடை முடிந்த முதல் சோளக்காடு வந்ததும் அவள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் பின்கதவைத் திறந்தாள். காற்றில் தீக்குச்சி நிற்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று அணைந்தன. ஸ்டோயான் வந்து தன் கோட்டை விரித்து மறைத்து நின்றான். நாலாவது பற்றியது. பெட்டியின் தலைமாட்டில் அவள் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டாள். லாரிகள் இரைந்துகொண்டு போயின.

"எவ்வளவு நேரம் ஆகும்மா?"

"முழுசா எரியட்டும் தம்பி."

அவன் போய் எஞ்சினை அணைத்துவிட்டு வந்து மறுபடியும் கோட்டை விரித்துக்கொண்டு நின்றான்.