வரதன் வலையில் தொங்கிய துப்பாக்கி

வரதனின் வலையோரத்தில் மூன்று வருஷமாகப் பாரத்துக்குக் கட்டியிருந்த கல், கல்லே இல்லை என்பது ஒரு புதன்கிழமை காலையில் தெரியவந்தது. தெரியவைத்த புண்ணியவான் அவன் மச்சான் தமிழ்வாணன். வலை காயப்போட்டிருந்த இடத்துக்குச் சும்மா பேசிக்கொண்டிருக்க வந்தவன், கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல், அந்தக் கல்லில் அப்பியிருந்த சிப்பியைச் சுத்தியலால் தட்டினான். சிப்பி பெயர்ந்தது. உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி எட்டிப் பார்த்தது.

இன்னொரு தட்டில் குழலும் தெரிந்தது. இரண்டு பேரும் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பழவேற்காடு ஏரியில் எப்போதோ வலையில் சிக்கியது. கனம் சரியாக இருக்கிறதே என்று கட்டிவைத்தது. மூன்று வருஷமாக ஒரு துப்பாக்கியைத் தண்ணீரில் இறக்கி, அதற்குப் பக்கத்தில் இறால் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான் வரதன்.

யாரிடமும் சொல்லாதே என்று மச்சானிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். தமிழ்வாணனும் நல்ல மனதோடுதான் சத்தியம் செய்தான். ஆனால் அவன் வாய் அவன் பேச்சைக் கேட்காது. மத்தியானத்துக்குள் டீக்கடைக்குத் தெரிந்து, சாயங்காலத்துக்குள் பழவேற்காடு ஸ்டேஷனுக்கும் தெரிந்துவிட்டது.

சமாச்சாரம் வேறு நேரத்தில் நடந்திருந்தால் வரதன் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டான். ஏரியில் இஷ்டப்பட்ட இடத்தில் வலை கட்ட முடியாது. இறால் ஓடுகிற இடங்களுக்குப் பாடு என்று பெயர். வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, யாருக்கு எந்தப் பாடு என்று முடிவு செய்யும். வரதனின் ஊரான நடுமேட்டுக்குப்பத்தில் கூடுதலாக ஒரு கட்டுப்பாடு உண்டு. ஸ்டேஷனில் விவகாரம் இருக்கிறவன் பெயர் அந்த வருஷச் சீட்டில் சேராது. பாடு இல்லாதவன் மீஞ்சூர் பக்கம் ஏதாவது கம்பெனியில் மூட்டை தூக்கத்தான் போக வேண்டும். வரதனோ பிறந்ததிலிருந்து தண்ணீரிலேயே கிடந்தவன். சீட்டு வெள்ளிக்கிழமை.

வியாழக்கிழமை துப்பாக்கியோடு ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. வரதன் பயத்தில் சுருண்டு கிடக்க, அவன் மனைவி தேவகி காரியத்தில் இறங்கினாள். அதிகாரி முன்னால் அழுக்குச் சாமானைக் கொண்டுபோய் வைப்பது என்ன மரியாதை என்பது அவள் கட்சி. புளியும் மணலும் போட்டு, வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் அரைமணி நேரம் தேய்த்தாள். துரு போனது. குழலின் மேல் பொடிப்பொடியாக ஏதோ எழுத்து இருந்தது, அதுவும் போனது. கைப்பிடியில் ஓர் ஆந்தை முகம் தெரிந்ததும்தான் கையை எடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் விஜயராகவன் பொறுமைசாலி. விஷயத்தைத் தெளிவாகவே சொன்னார். 1899-க்கு முன்னால் செய்ததாகவும், இனிச் சுடவே முடியாததாகவும் இருந்தால் அது பழம்பொருள், லைசென்ஸ் கேட்க மாட்டார்கள். அதற்குப் பின்னால் செய்தது என்றால் அவர் வழக்குப் போட்டே ஆகவேண்டும். இதே மாதிரி நடுவில் மடங்குகிற ரிவால்வரை நம் நாட்டு ஆலையிலேயே இப்போதும் செய்கிறார்களாம். ஆகவே துப்பாக்கியின் வயதைக் கணிக்கத் தெரிந்தவர் பார்த்துச் சொல்லட்டும் என்று சென்னைக்கு ஃபோன் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் பொன்னேரி வரைக்கும், அங்கிருந்து பஸ்ஸிலுமாக ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தாள் மோகனப்பிரியா. பழைய ஆயுதங்களைப் பற்றிப் படித்து, அதையே வேலையாகவும் செய்கிறவள். முப்பது வயதுதான் இருக்கும். வந்ததும் வராததுமாக, இங்கே நண்டு எங்கே நன்றாக இருக்கும் என்று விசாரித்தாள். வரதனுக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஆனால் துணியைப் பிரித்து, பளபளவென்றிருந்த துப்பாக்கியைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது.

“இத யாரு தேச்சது?”

தேவகி பெருமையாக, தான்தான் என்றாள். மோகனப்பிரியா ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த எழுத்தில்தான் கம்பெனி பெயரும், காப்புரிமை வாங்கிய தேதிகளும் இருந்திருக்கும் என்றாள். தேவகிக்குக் கண் கலங்கிவிட்டது. புருஷனின் பிழைப்பைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டோமே என்று அவள் தலையில் அடித்துக்கொள்ள, மோகனப்பிரியாவே அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று. தேதி இருந்தாலும் அது முழுச் சாட்சி இல்லையாம். அந்தத் தேதிக்கு முன்னால் செய்யவில்லை என்று மட்டுமே அது சொல்லும். அதற்கப்புறம் எத்தனை வருஷம் கழித்து வேண்டுமானாலும் செய்திருக்கலாம்.

குழலின் முனையைப் பிடித்துக் கீழே அமுக்கினாள். பாக்குவெட்டி மாதிரி நடுவில் வாயைத் திறக்க வேண்டிய துப்பாக்கி அசையவே இல்லை. உள்ளே எல்லாம் துருப்பிடித்து ஒன்றாகிவிட்டது. குண்டு போடுகிற உருளை சுற்றவே இல்லை. இனி இது சுடாது என்று அவள் சொன்னதும் இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அடுத்து ஆந்தையைப் பார்த்தாள். இந்த முகத்தைப் போட்டது ஓர் அமெரிக்கக் கம்பெனி. ஆந்தை குழல் இருக்கும் பக்கம் பார்த்தால் பழைய காலத்துக் கறுப்பு வெடிமருந்துக்குச் செய்தது. பின்பக்கம் திரும்பியிருந்தால் 1909-க்குப் பிறகு வந்தது. வரதன் எக்கிப் பார்த்தான். ஆந்தை குழல் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவனுக்கு அந்தப் பறவைமேல் அப்படியொரு பாசம் பொங்கியது.

“அப்போ ஆச்சா கண்ணு?” என்றான்.

“ஆந்த 1909-க்கு முந்தினதுன்னுதான் சொல்லுது, பத்து வருஷம் இடிக்குதுண்ணா. 1899 தாண்டியிருந்தா இன்னா பண்ணுவீங்க?” அவன் பேச்சு அவளுக்கும் தொற்றிக்கொண்டிருந்தது.

மிச்சமிருந்தது மேல்தாழ்ப்பாள். குழலையும் கைப்பிடியையும் சேர்த்துப் பூட்டுகிற கொக்கி. அந்தக் கம்பெனி 1896 வரைக்கும் அதை ஒரே ஒரு குட்டிக் கம்பத்தில் மாட்டுகிற மாதிரி செய்தது. அப்புறம் இரண்டு கம்பமாக மாற்றிவிட்டது. ஒன்றா இரண்டா என்று பார்த்தால் போதும். ஆனால் சரியாக அந்த இடத்தில்தான் தேவகியின் புளிக்கும் மசியாத ஒரு சிப்பி ஒட்டிக்கொண்டிருந்தது.

மோகனப்பிரியா பையைத் துழாவினாள். தேவகி யோசிக்கவே இல்லை. தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். சிப்பி துளித்துளியாக உதிர்ந்தது. ஒரு கம்பம் தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று இருக்கிறதா என்று அவள் மெதுவாகச் சுரண்டிக்கொண்டே போனாள். பெண்டாட்டியின் விரல்கள் தன் கையை இறுக்குவது வரதனுக்கு வலித்தது, விடச் சொல்லவில்லை. சிப்பி முழுக்க விழுந்தது. அந்தப் பக்கம் வெறும் இரும்புதான்.

“ஒத்தக் கம்பம் சார். 1896-க்கு இந்தப் பக்கம் வராது” என்றாள் இன்ஸ்பெக்டரிடம். அவர் சிரித்துவிட்டார். துப்பாக்கியை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும், வரதன்மேல் ஒன்றும் இல்லை, ஊருக்குத் தானே ஃபோன் பண்ணிச் சொல்கிறேன் என்றார். வரதன் அவரைக் கும்பிட்டான், மோகனப்பிரியாவைக் கும்பிட்டான், போகிற போக்கில் ஆந்தையையும் கும்பிட்டான்.

அப்போதுதான் மணியைப் பார்த்தான். சீட்டு நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. சுட்டெரிக்கும் வெயிலில் மூவரும் ஆட்டோ பிடித்து நடுமேட்டுக்குப்பத்துக்குப் பறந்தார்கள். மோகனப்பிரியா நண்டுக்காக வந்தாள். வழி முழுக்க வரதன் மச்சானைத் திட்டுவதற்கு வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே வந்தான். இவன் வாய் மட்டும் சும்மா இருந்திருந்தால் இந்த வருஷம் போயிருக்காது. சேர்த்த வார்த்தைகள் ஒன்றுகூட எழுத்தில் வராது.

கங்கையம்மன் கோயில் முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. நடுவில் தமிழ்வாணன் சம்மணம் போட்டு, பாடுகளின் பெயர் எழுதிச் சீட்டு போட்டிருந்த குடத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து இப்படித்தானாம். மாமா பெயர் சேராமல் ஒருத்தரும் குடத்தில் கையை விடக்கூடாது என்று சொன்னவன், ஊர்த் தலைவர் அதட்டியும் விடவில்லை, இன்ஸ்பெக்டர் ஃபோன் வந்த பிறகும் விடவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதைவிட அதிசயம், அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அவன் வாயே திறக்கவில்லை.

வரதன் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் தொண்டையிலேயே கரைந்துபோனது. போய் அவன் பக்கத்தில் குந்தினான்.

“எழுந்திரு மச்சான், கால் மரத்துப் போயிருக்கும்.”

“நீ மொதல்ல எடு மாமா. அப்பால எழுந்திரிக்கிறேன்.”

தலைவர் வரதன் பெயரைப் பட்டியலில் எழுதிச் சேர்த்தார். குடத்தை மடியில் வைத்தபடியே தமிழ்வாணன் குலுக்கிக் காட்ட, வரதன் கையை விட்டான். வந்தது சுமாரான தெற்குப் பாடு. அடுத்து தமிழ்வாணன் எடுத்தான். ஊரே ஏங்குகிற கிழக்குப் பாடு அவனுக்கு விழுந்தது. வரதனுக்குப் பொறாமை வரவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகவே வந்தது. வந்தபடியே மச்சானின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, மரத்த காலோடு அவனைத் தூக்கி நிறுத்தி, நடக்க வருகிறவரைக்கும் தோளில் தாங்கிக்கொண்டு நின்றான்.